வெளிநாட்டு வயல்களில் நெல்லும் மீனும்: மக்களிடம் எடுத்துச் சொல்லக் கிளம்பும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வியட்நாம், ஜப்பான், கம்போடியா, இந்தோனேசியா என்று படிக்கவோ வேலைக்கோ போகிற நம்மவர்களில் சிலர், அங்கே நெல் வயலிலேயே மீனும் சேர்ந்து வளரும் நெல்-மீன் சாகுபடியைப் பற்றி மக்களிடம் பேசும் தன்னார்வக் குழுக்களில் சேர விரும்புகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் கையில் ஒரு கட்டு துண்டறிக்கையைக் கொடுத்து, போய் விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள் என்று அனுப்பிவிட்டால் எங்கே தொடங்குவது, யாரிடம் பேசுவது, எதைச் சொல்லக் கூடாது என்று எதுவும் தெரியாமல் தடுமாற வேண்டியிருக்கும். அவர்களுக்காகத்தான் இது.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நெல் வயல் சார்ந்து உலகில் நன்றாகப் பலித்த பிரசாரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவை மக்களிடம் கேட்டது பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன காரியம்தான். அதையும் நம்பச் சொல்லிக் கேட்கவில்லை, செய்து பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றியே இருக்கும்.

படி 1: பேசுவதற்கு முன் வயலைப் படியுங்கள்

நெல் வயலில் மீன் என்ன செய்கிறது? களையையும் பாசியையும் கொசுப் புழுவையும் தின்கிறது. நீந்தும்போது தூர்களில் மோதுகிறது, அடித்தண்டில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிகள் தண்ணீரில் விழுகின்றன, விழுந்ததையும் தின்றுவிடுகிறது. சேற்றைக் கிளறிவிடுகிறது, அதன் கழிவு நெல்லுக்கு உரமாகிறது. நெல் தன் பங்குக்கு நிழல் தந்து வெயில் நேரத்தில் தண்ணீரின் சூட்டைக் குறைக்கிறது. இவ்வளவுதான் அடிப்படை, ஒரு சின்னப் பையனுக்கும் சொல்லிப் புரியவைக்கலாம்.

செய்முறையையும் ஓரளவு தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் விவசாயி கேட்கும் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். வயலின் ஓரத்திலோ நடுவிலோ அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுப்பார்கள், தண்ணீர் குறையும்போது மீன் ஒதுங்க அதுதான் இடம். வரப்பை உயர்த்திக் கெட்டிப்படுத்துவார்கள், தண்ணீர் வரும் மடையிலும் போகும் மடையிலும் வலையோ மூங்கில் தட்டியோ வைப்பார்கள், நட்ட நாற்று வேர் பிடிக்க ஒன்று இரண்டு வாரம் விட்டு அப்புறம் குஞ்சு விடுவார்கள். நாற்று வேர் பிடிக்கும் முன்பே விட்டால் மீன் அதைப் பிடுங்கிப் போட்டுவிடும்.

நீங்கள் போகும் ஊரில் எந்த வகை நடக்கிறது என்று பார்ப்பது இதைவிட முக்கியம். தோராயமாக மூன்று வகை உண்டு.

குஞ்சு விட்டு வளர்ப்பது ஒன்று. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் இருக்கும் சிங்தியான் மாவட்டம் இதற்குப் பேர் போன இடம், அங்கே மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிவப்பு நிறக் கெண்டை வளர்க்கிறார்கள். 2005-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று. இந்தோனேசியாவில் இதே வகைக்கு மினாபடி என்று பெயர், யோக்யகர்த்தா பக்கம் ஸ்லேமானில் போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது, யாரும் விடாமலே மீன் தானாக வயலுக்கு வருவது. கம்போடியாவில் மழைக்காலத்தில் வாய்க்கால், குளம், வயல் எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும், மீன் வயலில் வந்து முட்டையிடும். ஜப்பானின் பிவா ஏரிக்கரையிலும் இதுதான் நடந்தது.

மூன்றாவது, மாறி மாறிச் செய்வது. வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில், குறிப்பாகக் கா மாவ் பக்கம், கோடையில் கடல்நீர் ஏறும்போது இறால், மழையில் உப்பு கழுவப்பட்டதும் நெல்.

இந்த மூன்றுக்கும் சொல்ல வேண்டிய செய்தி வேறு வேறு. கம்போடிய கிராமத்தில் போய்க் குஞ்சு வாங்கி விடச் சொன்னால் அங்கே இருப்பதை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அங்கே தேவைப்படுவது, கோடையில் தாய்மீன் உயிரோடு இருக்க ஒரு குளம். உலக மீன் மையம் அங்கே கிராமங்களோடு சேர்ந்து செய்த வேலையும் அதுதான். வற்றாத ஒரு குளத்தைச் சமூகக் காப்புக் குளம் என்று ஒதுக்கி, அதில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊரே கூடி முடிவெடுக்கும். மழை வந்ததும் அந்த மீன்கள் வாய்க்கால் வழியே எல்லார் வயலுக்கும் போகும். ஒரு குளம், ஒரு கட்டுப்பாடு. கேட்பவருக்கு உடனே புரிகிற வேண்டுகோள் என்பதால் எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

படி 2: யாரிடம் பேசப் போகிறீர்கள், என்ன கேட்கப் போகிறீர்கள்

பொதுமக்கள் என்று ஒருவர் கிடையாது. விவசாயி, அவர் வீட்டுப் பெண்கள், பூச்சிமருந்துக் கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள், நகரத்தில் அரிசி வாங்குபவர், இவர்களில் யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து நீங்கள் கேட்கும் காரியமும் மாறும். ஒரே கூட்டத்தில் எல்லாருக்கும் எல்லாம் சொல்ல முயன்றால் கைதட்டு கிடைக்கும், வயலில் ஒன்றும் மாறாது.

இங்கே வியட்நாம் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 90களின் தொடக்கத்தில் மேகாங் கழிமுக விவசாயிகள் நட்ட சில வாரங்களுக்குள்ளேயே மருந்து தெளிக்கத் தொடங்கிவிடுவார்கள். காரணம், இளம்பயிரில் இலைச் சுருட்டுப் புழு தின்ற வெள்ளைத் தடம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், பார்த்தால் யாருக்கும் மனசு பதறும். உண்மையில் அந்த வயதில் நெல் புது இலை விட்டுச் சமாளித்துக்கொள்ளும், விளைச்சல் குறையாது. ஆனால் அப்போது தெளிக்கும் மருந்து சிலந்திகளையும் மற்ற நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடும், பின்னால் புகையான் வந்தால் அதைத் தின்ன ஆளிருக்காது. அந்த வயலில் மீனும் பிழைக்காது.

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எல். ஹியோங், மோனினா எஸ்கலாடா ஆகியோர் உள்ளூர் அதிகாரிகளோடு சேர்ந்து 1994-இல் லாங் ஆன் மாகாணத்தில் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். பூச்சியியல் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒரே வரிதான்: நட்டோ விதைத்தோ முதல் 40 நாள் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அதையும் வயலின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் செய்து பார்த்து மற்ற பகுதியோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். துண்டறிக்கை, சுவரொட்டி, சிரிக்க வைக்கும் சிறு வானொலி நாடகங்கள், இவைதான் கருவிகள். ஒரு பருவத்துக்கு மூன்று முறைக்கு மேல் இருந்த தெளிப்பு சில ஆண்டுகளில் பாதி அளவுக்கு இறங்கியது, மற்ற மாகாணங்களும் அதை எடுத்துக்கொண்டன. 2004-இல் இதே எண்ணத்தில் ஒரு வானொலித் தொடர் நாடகமே வந்தது.

அவர்கள் மீனைப் பற்றிப் பேசவில்லையே என்று கேட்கலாம். சரிதான், அவர்களின் நோக்கம் தேவையில்லாத தெளிப்பைக் குறைப்பது. ஆனால் நெல்-மீன் சாகுபடிக்கு முதல் தடை மருந்துதான். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். எனவே தெளிப்பு அதிகமுள்ள ஊரில் மீன் வளர்க்கச் சொல்வது இரண்டாவது காரியம். முதல் காரியம் அந்த 40 நாள்.

ஆகவே ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். நான் பேசப் போவது இன்னாரிடம். நான் கேட்கப் போவது இதை. இரண்டாவது வரியில் 'மற்றும்' என்ற சொல் வந்தால் மறுபடி எழுதுங்கள்.

படி 3: அனுமதியும் உள்ளூர்க் கையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள். வியட்நாமில் வெளிநாட்டவர் ஒருவர் கிராமத்தில் கூட்டம் போடுவதற்கு உள்ளூர் மக்கள் குழு அலுவலகத்தின் சம்மதம் வேண்டும், வேளாண் விரிவாக்க அலுவலர் கூட இருந்தால் நல்லது. மற்ற நாடுகளிலும் கிராமத் தலைவரையோ கூட்டுறவுச் சங்கத்தையோ பார்க்காமல் வயலில் இறங்காதீர்கள். விசாவில் தன்னார்வப் பணிக்கு இடம் உண்டா என்பதையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோரிடமும் பள்ளியிடமும் கேளுங்கள். ஜப்பானில் இதில் மிகவும் கண்டிப்பு.

பேசுவது உள்ளூர்க்காரராக இருக்கட்டும். நீங்கள் சுவரொட்டி ஒட்டலாம், கணக்கு எழுதலாம், நாற்காலி போடலாம். பக்கத்து வயல்காரர் தன் வயலைக் காட்டிச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் எடை நம் பேச்சுக்கு வராது.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும்போது பூட்ஸையும் வலையையும் கழுவிக் காயவையுங்கள். உயிருள்ள கெண்டையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நீங்களாக எடுத்துப் போகவே கூடாது. 2003-இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று தாக்கி வளர்ப்புக் கெண்டைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்த நோய் இன்றும் கெண்டை வளர்ப்பவர்களின் பெரிய பயம்.

படி 4: சொல்லாதீர்கள், எண்ணிப் பார்க்க வையுங்கள்

இந்தோனேசியாவில் 70களிலும் 80களிலும் அரசே மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தை மலிவாக்கியிருந்தது. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. கடைசியில் 1986-இல் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை போட்டு நெல்லுக்குப் பயன்பட்ட 57 மருந்துகளைத் தடை செய்தார், அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் எடுக்கப்பட்டது. ஆனால் ஆணை மட்டும் போதாது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள், இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் அந்த முறை பிறந்தது ஜாவா வயல்களில்தான்.

அந்தப் பள்ளி எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. ஏறக்குறைய 25 விவசாயிகள், வாரத்துக்கு ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை. வந்ததும் நாலைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்கி, சில தூர்களை மட்டும் எடுத்துப் பார்த்து, எத்தனை புகையான், எத்தனை சிலந்தி, ஒரு தூரில் எத்தனை கிளைப்பு, தண்ணீர் எவ்வளவு என்று எண்ணுவார்கள். மேலே வந்து பெரிய தாளில் பயிரைப் படமாக வரைந்து, ஒரு பக்கம் கெட்ட பூச்சி, மறு பக்கம் நல்ல பூச்சி என்று எழுதி, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவு செய்வார்கள். நடத்துபவர் பதில் சொல்லக் கூடாது. "இது என்ன பூச்சி?" என்று ஒருவர் கேட்டால், "எங்கே பார்த்தீர்கள், அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார்.

நீங்கள் செய்து காட்டச் சுலபமான இரண்டு சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது பூச்சிக் கூண்டுச் சோதனை. ஒரு தொட்டியில் நெல் தூர் ஒன்றை நட்டு, அதன்மேல் தெளிவான பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே வலைத்துணி கட்டி, உள்ளே எண்ணிப் பத்து புகையானையும் ஓர் ஓநாய்ச் சிலந்தியையும் விடுங்கள். மறுநாள் எத்தனை மிச்சம் என்று விவசாயியையே எண்ணச் சொல்லுங்கள். சிலந்தியைப் பார்த்தால் மருந்து தேடிய கை அதற்கப்புறம் கொஞ்சம் தயங்கும். இதையே சிலந்திக்குப் பதில் ஒரு தொட்டித் தண்ணீரில் சின்னக் கெண்டையை விட்டு, புகையானைத் தட்டி விழவைத்தும் செய்யலாம், பிள்ளைகள் இதைச் சுற்றி நின்று விலகவே மாட்டார்கள்.

இரண்டாவது இலை வெட்டும் சோதனை. நட்டு மூன்று நான்கு வாரம் ஆன பயிரில் ஒரு சதுர மீட்டர் இடத்தைக் குச்சி நட்டுக் கயிறு கட்டி, கத்தரிக்கோலால் இலைகளில் நாலில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள், புழு தின்றதுபோல. பக்கத்தில் இன்னொரு சதுர மீட்டரை வெட்டாமல் விடுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அடித்து நிறுத்துப் பாருங்கள். இதற்குப் பொறுமை வேண்டும், அறுவடை வரை காத்திருக்க வேண்டும். ஆனால் தராசு சொன்னதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

வங்கதேசத்தில் 90களில் கேர் என்ற தொண்டு அமைப்பு நடத்திய இன்டர்ஃபிஷ் திட்டமும் இப்படித்தான் போனது. மருந்தில்லாமல் விளையும் என்று விவசாயி முதலில் தானே பார்த்துக்கொள்வார், மருந்து இல்லாத தண்ணீர் கிடைத்ததும் அதில் மீன் விடுவார். இந்த வரிசை மாறக் கூடாது.

இன்னொன்று. மீன் விட்ட ஒருவர் வயலுக்குத் தண்ணீர் மேல்வயலிலிருந்து வருகிறது. மேல்வயல்காரர் தெளித்துவிட்டு மடையைத் திறந்தால் கீழே எல்லாம் மிதக்கும். ஆகவே ஆர்வமுள்ள தனி ஆட்களைத் தேடி ஊர் ஊராக அலைவதைவிட, ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் பத்துப் பன்னிரண்டு பேரை ஒன்றாக உட்காரவைப்பது பலன் தரும். பக்கத்து மருந்துக் கடைக்காரரையும் கூப்பிடுங்கள். அவரை எதிரியாக்கினால் நீங்கள் கிளம்பிய மறுநாளே உங்கள் வேலையைக் கலைத்துவிடுவார். உட்காரவைத்து மதித்துப் பேசினால் எந்த மருந்து மீனைக் கொல்லும் என்று அவரே வாடிக்கையாளரிடம் சொல்லத் தொடங்குவார்.

படி 5: எண்களைக் கவனமாகக் கையாளுங்கள்

சிங்தியான் பகுதியில் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. நெல் மட்டும் போட்ட வயலும் நெல்-மீன் வயலும் ஏறக்குறைய ஒரே விளைச்சல் தந்தன, ஆனால் மீன் இருந்த வயலில் பூச்சிமருந்து 68 சதவீதமும் ரசாயன உரம் 24 சதவீதமும் குறைவாகத் தேவைப்பட்டன. இது நம்பிச் சொல்லக்கூடிய எண். சொல்லும்போது சிங்தியானில் என்று சேர்த்தே சொல்லுங்கள், உங்கள் ஊருக்கு அதே எண் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

பருவநிலை மாற்றத்துக்கு இதுதான் மருந்து என்று மேடையில் முழங்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் மீத்தேன் வரும், மீன் இருப்பதால் அது கூடுமா குறையுமா என்பதில் ஆய்வு முடிவுகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. மீத்தேனைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்லும் முறைக்கும் மீனுக்கும் ஒரு முரண் உண்டு, தண்ணீரை வடித்தால் மீன் எங்கே போகும்? பள்ளம் ஆழமாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே துண்டறிக்கையில் போட்டு விவசாயியைக் குழப்பாதீர்கள்.

தொல்லைகளையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வெள்ளம் வரப்பைத் தாண்டினால் மீன் போய்விடும். கொக்கு வரும், விரால் உள்ளே புகுந்தால் குஞ்சைத் தின்னும், இரவில் ஆள் வந்து வலை போட்டுப் போய்விடுவான். பள்ளம் எடுத்த இடத்தில் நெல் வராது. இவற்றை மறைத்து ஒருவரைச் சேர்த்தால் அடுத்த பருவத்தில் அவரே உங்களுக்கு எதிரான பிரசாரம் செய்வார், அதில் நியாயமும் இருக்கும்.

மீன் வகையில் எச்சரிக்கை. திலேப்பியா, அதாவது நம் ஊர் ஜிலேபி மீன், வேகமாக வளரும் என்பதற்காக அது இல்லாத நீர்நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடச் சொல்லாதீர்கள். வரப்பு உடைந்து ஆற்றில் கலந்தால் உள்ளூர் மீனுக்கு ஆபத்து. சிங்தியான்காரர்கள் தங்கள் சொந்தக் கெண்டையையே தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது நல்ல முன்மாதிரி.

பணத்தாசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சீனாவிலேயே உதாரணம் இருக்கிறது. நன்னீர்ச் செவ்விறால் விலை ஏறிய காலத்தில் ஹூபெய் போன்ற இடங்களில் சிலர் பள்ளத்தை அகலமாக்கிக்கொண்டே போய், நெல் பெயருக்குத்தான் இருந்தது. அதனால்தான் அங்கே பள்ளம் வயல் பரப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. நிலையான சாகுபடி என்று நீங்கள் பேசும்போது இந்த 10 சதவீதத்தை நினைவில் வைத்திருங்கள், நெல் நெல்லாக இருக்க வேண்டும்.

படி 6: நகரத்து ஆட்களை வயலுக்குக் கூட்டிவாருங்கள்

அரிசி வாங்குபவரிடம் பேசுவதில் ஜப்பானை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். சாடோ தீவில் டோக்கி எனப்படும் கொண்டை அரிவாள்மூக்கன் பறவை வயலில் இரை தேடும். மருந்தும் வேட்டையும் சேர்ந்து அந்தப் பறவை ஜப்பானில் அற்றுப்போனது, அந்நாட்டின் சொந்தப் பறவைகளில் கடைசியானது 2003-இல் இறந்தது. சீனாவிலிருந்து வந்த பறவைகளின் வம்சத்தை 2008-இல் திறந்துவிட்டார்கள். பறவைக்கு இரை வேண்டும், இரைக்கு மீனும் தவளையும் வேண்டும். எனவே மருந்தையும் ரசாயன உரத்தையும் பாதியாகவாவது குறைத்து, வயலில் வற்றாத ஓடை ஒன்று எடுத்து, அல்லது வாய்க்காலிலிருந்து மீன் ஏற வழி அமைத்து, அல்லது குளிர்காலத்திலும் தண்ணீர் நிறுத்தி விளைவிக்கும் அரிசிக்குத் தனி முத்திரை கொடுத்தார்கள். முத்திரை வாங்க இன்னொரு நிபந்தனை உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: விவசாயி ஆண்டுக்கு இரண்டு முறை தன் வயலில் உள்ள உயிர்களை எண்ண வேண்டும்.

பிவா ஏரியைச் சுற்றியுள்ள ஷிகா மாநிலத்தில் மீன் தொட்டில் வயல்கள் என்று ஒரு திட்டம். ஏரியின் நிகோரோபுனா மீன் முன்பெல்லாம் கரையோர வயல்களுக்கு ஏறி வந்து முட்டையிடும். வடிகாலை ஆழமாக வெட்டிக் கான்கிரீட் போட்டதும் வயல் உயரத்துக்கு மீனால் ஏற முடியவில்லை. இப்போது வடிகாலில் பலகைகளைப் படிப்படியாக வைத்துத் தண்ணீரை உயர்த்துகிறார்கள். மே மாதத்தில் மீன் ஏறுகிறது, ஜூனில் வயலை வடிக்கும்போது குஞ்சுகள் ஏரிக்குத் திரும்புகின்றன. அந்த நாளில் நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து மடையில் வலை பிடித்துக் குஞ்சுகளை எண்ணி ஏரியில் விடுவார்கள். அரிசிப் பையில் அந்த வயலின் முத்திரையைப் பார்க்கும் தாய்க்கு அப்புறம் விளக்கம் தேவைப்படுவதில்லை.

நீங்கள் இருக்கும் ஊரில் இதைச் செய்ய அதிகம் செலவில்லை. சின்ன வலை, வெள்ளைத் தட்டு, பூதக்கண்ணாடி, படம் போட்ட ஒரு அடையாள அட்டை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை மருந்தடித்த வயலிலும் ஒரு குழுவை மீன் வயலிலும் அரை மணி நேரம் வலை போடச் சொல்லுங்கள் (மருந்தடித்து உரிய நாள் கடந்த பின்புதான்). தட்டில் வந்ததை எண்ணி வரையச் சொல்லுங்கள். அந்தப் படங்களையே சந்தையில் அரிசி விற்கும் இடத்தில் ஒட்டுங்கள், நீங்கள் அச்சடிக்கும் சுவரொட்டியைவிட அவை அதிகம் பேசும்.

ஊரில் ஏற்கெனவே இருக்கும் திருநாளோடு சேர்ந்துகொள்வதும் நல்லது. கம்போடியாவில் ஜூலை 1 தேசிய மீன் நாள், அன்று குளங்களில் மீன்குஞ்சு விடுவார்கள். சிங்தியானில் மீன் விளக்கு நடனம் உண்டு. வியட்நாமில் சோறும் மீனும் போல, தாயும் சேயும் போல வேறெதுவும் இல்லை என்று பழமொழியே இருக்கிறது. அவர்களிடமே இவ்வளவு இருக்கும்போது நாம் புது முழக்கம் எழுதி அதை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

படி 7: அடுப்படியை மறக்காதீர்கள்

வயல் மீனில் பெரிய மீன் சந்தைக்குப் போகும், சின்ன மீன் வீட்டுச் சட்டிக்கு வரும். தலையும் முள்ளுமாக முழுதாகத் தின்னும் சின்ன மீனில்தான் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் அதிகம். வங்கதேசத்தின் மோலா மீனில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதைக் காட்டி, அதை வீட்டுக் குளங்களிலும் வயல்களிலும் வளர்க்கும்படி செய்தவர் சகுந்தலா தில்ஸ்டெட். டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண், 2021-இன் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. பெண்கள் கூட்டத்தில் விளைச்சல் கணக்கைவிட இந்தச் செய்திதான் எடுபடும்: சின்ன மீனைக் களை என்று தூக்கிப் போடாதீர்கள், பிள்ளைக்குக் கொடுங்கள்.

லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் பேசும்போது கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே வயலிலும் ஆற்றிலும் பிடிக்கும் சிறு கெண்டை வகைகளைப் பச்சையாகக் கொத்தி மசாலா சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் உள்ளது. அதன் வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு உடலில் புகுந்து, ஆண்டுகள் கழித்துப் பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோகிறது. வயல் மீன் சாப்பிடுங்கள் என்று நாம் சொன்னால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள் என்பதும் அதே மூச்சில் வர வேண்டும்.

படி 8: போகும் முன்பும் வந்த பின்பும் அதே கேள்விகள்

எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள், எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்று எண்ணுவதில் அர்த்தமில்லை. வேலை தொடங்கும் முன் முப்பது நாற்பது வீடுகளில் மூன்று கேள்வி மட்டும் கேட்டு எழுதிவையுங்கள். சென்ற பருவத்தில் எத்தனை முறை தெளித்தீர்கள்? முதல் தெளிப்பு நட்ட எத்தனையாவது நாள்? சென்ற வாரம் வயல் மீன் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்? அறுவடை முடிந்ததும் அதே வீடுகளில் அதே கேள்விகளை, அதே சொற்களில் கேளுங்கள். பக்கத்தில் நீங்கள் போகாத ஒரு ஊரிலும் கேட்டுவைத்தால் இன்னும் நல்லது, மழை நன்றாகப் பெய்ததால் வந்த மாற்றத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருக்கலாம். முடிவை முதலில் அந்த விவசாயிகளுக்கே படித்துக் காட்டுங்கள், அப்புறம் மற்றவர்களுக்கு.

எப்போது கிளம்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பருவம் தப்பிப் போனால் விடுமுறையும் பணமும் வீண். கம்போடியா என்றால் மார்ச் ஏப்ரலில் போங்கள், குளம் வற்றி மீனுக்கு ஆபத்தான மாதங்கள் அவை, காப்புக் குளத்தின் அவசியம் கண்முன்னே தெரியும். ஷிகாவுக்கு மே, ஜூன். சிங்தியானில் நடவைப் பார்க்க மே கடைசி, மீனோடு அறுவடையைப் பார்க்க செப்டம்பர் அக்டோபர். கா மாவ் இறால் வயல்களில் நெல்லைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள், மற்ற மாதங்களில் அங்கே தண்ணீர் மட்டும்தான் தெரியும். எங்கே போனாலும் நடவுக்கு ஒரு மாதம் முன்பே உள்ளூர் அலுவலருக்கு எழுதிவிடுங்கள், நாற்று விட்ட பிறகு யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.